அட்டைத் தண்ணியும் பவுனுவின் இடது காதும்

எங்கள் பூனைக்கு என்ன வந்தது என்று, தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் இன்னும் நாலு கதை ஓடுகிறது. செய்வினை என்கிறார்கள். பாம்பு தீண்டியது என்கிறார்கள். லொறி தட்டியது என்கிறார்கள். வயதாகிவிட்டது என்றும் ஒருத்தி சொன்னாள், பூனைக்கு நாலு வயதுதான். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பதால் நடந்ததை நானே எழுதி வைக்கிறேன். படித்துவிட்டுத் திட்டுகிறவர்கள் தாராளமாகத் திட்டலாம். எனக்கு முன்னால் திட்ட முடியாது, நான் ஏற்கனவே ஆரம்பித்துவிட்டேன்.

என் பெயர் பரமேஸ்வரி. கஹவத்தைக்கு மேலே, பாதி தேயிலை பாதி ரப்பர் என்றிருக்கும் ஒரு தோட்டத்தில் பத்தொன்பது வருடமாக ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறேன். வீட்டுக்காரர் முருகேசு தோட்டத்து ஸ்டோரில் ரப்பர் ஷீட் அடிக்கிறார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதனால் பூனையைப் பிள்ளையாக வளர்த்தோம் என்று யாரும் மூக்கைச் சிந்த வேண்டாம். பூனையைப் பூனையாகத்தான் வளர்த்தோம். மஞ்சள் நிறம் என்பதால் பவுனு என்று பெயர். எலி பிடிக்கும். பக்கத்துக் காம்பராவில் கருவாடும் பிடிக்கும்.

பக்கத்துக் காம்பரா, அதாவது பக்கத்து வீட்டு அறை, எங்கள் வாசலில் இறங்கினால் இடது கைப்பக்கம். அங்கே செல்லையா அண்ணன் தனியாக இருக்கிறார், சம்சாரம் செத்து நாலு வருடம். தோட்டத்தில் புல்லுக்கு மருந்து அடிக்கிற ஆள் அவர். முதுகில் டேங்க்கைக் கட்டிக்கொண்டு காலையில் போனால் பன்னிரண்டு மணிக்குள் வேலை முடிந்துவிடும். அதன்பிறகு ஆற்றோரத்து மாணிக்கக் கிடங்கில், கல் தோண்டுகிற குழியில், மண் கழுவப் போவார். கருவாடு காணாமல் போகிற ஒவ்வொரு முறையும் எங்கள் வாசலில் வந்து நின்று, "ஒங்க பூனைய ஒரு நாளைக்கு முடிக்கிறேன் பாரு தங்கச்சி" என்பார். நானும் "முடிங்க, மொதல்ல கருவாட்ட மூடி வையிங்க" என்பேன். இது வருடக்கணக்காக நடந்த பேச்சு. அதில் விஷம் இருந்ததில்லை.

இனி அட்டைத் தண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து மழையையும் ரப்பர் மலையின் ஈரத்தையும் தெரிந்தவர்களுக்கு இரத்தம் குடிக்கிற அட்டையைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. பால் வெட்டுகிற பெண்கள் எல்லோரிடமும் ஒரு சின்னப் போத்தல் இருக்கும். வெற்றிலைக்குப் போடும் புகையிலையை உப்புத் தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறவைத்து, கசக்கி, சுண்ணாம்பும் உடுப்புச் சவர்க்காரமும் கலந்து வைத்திருப்போம். காலில் தடவினால் அட்டை ஏறாது. ஏறிவிட்ட அட்டையின் மேல் ஒரு சொட்டு விட்டால் சுருண்டு விழும். ஒவ்வொருத்திக்கும் ஒரு அளவு உண்டு. என் தண்ணிக்குத்தான் எங்கள் டிவிஷனில் காரம் அதிகம். அதில் எனக்குப் பெருமையும் அதிகம்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் பவுனு புல்லுக்குள்ளிருந்து வந்து தலையை உதறிக்கொண்டே இருந்தது. இடது காதிலிருந்து இரத்தம் தெறித்தது. டோர்ச் அடித்துப் பார்த்தால் காதுத் துளைக்குள் ஒரு அட்டையின் வால் ஆடுகிறது. முருகேசு பூனையைச் சாக்கில் சுற்றிப் பிடித்துக்கொண்டார். நான் போத்தல் மூடியில் பாதியளவு அட்டைத் தண்ணியை எடுத்துக் காதுக்குள் ஊற்றினேன். பூனை போட்ட சத்தத்தை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. கொஞ்ச நேரத்தில் அட்டை புளியங்கொட்டை பருமனில் வெளியே விழுந்தது. பவுனு கட்டிலுக்கு அடியில் ஓடி ஒளிந்தது. நான் அட்டையைச் சாம்பலில் போட்டுவிட்டுத் தேத்தண்ணி ஊற்றினேன். மறுநாள் எல்லோரும் தண்ணீர் பிடிக்க வருகிற பீலிக்கரையில் சொல்லிப் பெருமையடிக்கலாம் என்றிருந்தேன். மறுநாள் முழுக்க அடைமழை, பீலிக்கு ஒருத்தியும் வரவில்லை. அதனால் இந்தச் சங்கதி எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்ததாக நின்றுவிட்டது.

செவ்வாய்க்கிழமை வெட்டிய பாலை ஸ்டோரில் ஊற்றிவிட்டு வீட்டுக்கு வந்தேன். குசினியிலிருந்து பவுனு வந்த வருகை, சம்பள நாளில் தவறணையிலிருந்து குடித்துவிட்டு வருகிற ஆளின் வருகை. தலை இடப்பக்கம் சாய்ந்திருந்தது. நாலு அடி வைத்தால் இடப்பக்கம் வட்டமடித்துச் சுவரில் இடித்துக்கொண்டு விழுந்தது. தூக்கிப் பார்த்தேன். கண்மணி இரண்டும் ஒரு பக்கம் மெல்ல ஓடி, வெடுக்கென்று திரும்பி, மறுபடியும் ஓடிக்கொண்டிருந்தன. இடது கண்ணின் உள்மூலையிலிருந்து ஒரு வெள்ளைத் தோல் ஏறிப் பாதிக் கண்ணை மூடியிருந்தது. என் மடியிலேயே வாந்தி எடுத்தது. நான் பயந்துவிட்டேன். எனக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும், பிறந்ததிலிருந்தே அப்படித்தான்.

வெளியே வந்து மூச்சு இழுத்தேன். மருந்து வாடை அடித்தது. அன்று காலையில் செல்லையா அண்ணன் ரோட்டு ஓரத்தில் அடித்திருக்கிறார். அவ்வளவுதான், எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

மறுநாள் காலை பெரட்டில் வைத்தே கேட்டேன். பெரட்டு என்றால் ஆறு மணிக்கு ஆள் எல்லாம் கூடி நின்று பேர் கொடுத்து வேலை வாங்கும் இடம். கங்காணி இருந்தார், கணக்கப்பிள்ளை இருந்தார், அன்றைக்கென்று தோட்டத்து மேனேஜர் தொரையும் ஜீப்பில் வந்திருந்தார்.

"செல்லையாண்ணன் லயத்து ஓரமா மருந்து அடிச்சு எங்க பூனைய சாகக் கெடத்திட்டாருங்க. இன்னிக்குப் பூன, நாளைக்கு அந்த எடத்துல வெளையாடுற புள்ளைங்க" என்றேன்.

செல்லையா அண்ணன் டேங்க்கைத் தரையில் இறக்கி வைத்தார். "நான் லயத்துப் பக்கம் அடிக்கல தங்கச்சி. ரோட்டு ஓரம் மட்டுந்தான் அடிச்சேன். கங்காணியும் கூட நின்னாரு."

"முடிக்கிறேன் முடிக்கிறேன்னு சொன்னது இந்த வாய்தானே. ஆளுக எல்லாம் கேட்டிருக்காங்க."

அதைக் கேட்டிருந்த ஆட்கள் நிறையப் பேர். பெண்கள் என் பின்னால் வந்து நின்றார்கள். மருந்து வாடையில் தலைவலி, கீரைப்பாத்தி கருகியது, பிள்ளைக்குச் சொறி என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அதெல்லாம் உண்மையான குறைகள், வருடக்கணக்காகச் சொல்லிக் கேட்பாரில்லாமல் கிடந்தவை. என் பூனையால் அன்றைக்கு வழி கிடைத்தது. விசாரிக்கும்வரை செல்லையா டேங்க்கைத் தொடக் கூடாது, புல் வெட்டப் போகட்டும் என்று தொரை சொல்லிவிட்டார். டேங்க் வேறு ஆளுக்குப் போனது. முருகேசு ஆண்கள் வரிசையில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அன்று அதுவும் கோபம்தான்.

அதன்பிறகு ஆஸ்பத்திரி. டவுனில் உள்ள கால்நடை அலுவலகத்துக்குப் போனோம். "மாடா?" என்று கேட்டார் வாசலில் இருந்தவர். பழக்கூடைக்குள்ளிருந்து பவுனு கத்தியது. "இந்தச் சத்தம் போடுற மாட்ட நீங்க பாத்திருக்கீங்களா?" என்று கேட்டேன். உள்ளே இருந்த டொக்டர் நல்ல மனிதர். சவரச் சாமான் இல்லாத நாவிதர் போல அவரிடம் பூனை பார்க்கக் கருவி ஒன்றும் இல்லை. இரத்தினபுரியில் பூனை நாய் பார்க்கும் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றின் பெயரை எழுதிக் கொடுத்தார். பஸ்ஸில் கண்டக்டர் கூடையை எட்டிப்பார்த்து, பூனை வாந்தி எடுத்தால் நடுவழியில் இறக்கிவிடுவேன் என்றான். போன வாரம் இதே பஸ்ஸில் வாந்தி எடுத்த மனிதர்களை இறக்கினாயா என்று சிங்களத்தில் கேட்டேன். அவன் பெல்மதுளை வரை என் பக்கம் வரவில்லை. முருகேசு வழி முழுக்கக் கூடையை மடியில் வைத்து, வளைவு வந்தால் வளைவுக்கு எதிர்ப்பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு வந்தார்.

காத்திருக்கும் அறையில் ஏசி. நான் பால் கறை பட்ட பாவாடையோடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு நோனா, பணக்காரச் சிங்களப் பெண், மடியில் வெள்ளைப் பூனை, என் தலைமுடியைவிட அதன் முடி நீளம். உங்கள் பூனை என்ன ஜாதி என்று கேட்டாள். "வத்தே ஜாதிய" என்றேன், தோட்டத்து ஜாதி. சிரித்தாள். சிரிப்பதற்காக நான் சொல்லவில்லை.

டொக்டர் இளம்பெண். எல்லோரும் மிஸ் என்று கூப்பிட்டார்கள். பவுனுவைத் தரையில் விட்டு நடக்க வைத்தார். ஒவ்வொரு காலாகப் புறங்காலை மடித்து வைத்து, அது தானாகத் திருப்பி வைக்கிறதா என்று பார்த்தார். பிறகு எங்களுக்குச் சிங்களத்தில் விளக்கினார். நன்றாக விளக்கினார், அதை மறுக்கக் கூடாது. பூனை தள்ளாடினால் கோளாறு மூன்று இடத்தில் இருக்கலாம். முதுகுத்தண்டில் என்றால் தலை நேராக இருக்கும், பின்னங்கால் மட்டும் பின்னும். சிறுமூளையில் என்றால் காலை உயரத் தூக்கித் தூக்கி வைக்கும், சாப்பிடப் போனால் தலை நடுங்கும். மூன்றாவது, காதின் உள்ளே தரை எது கூரை எது என்று சொல்லுகிற ஒரு சின்ன உறுப்பு. அது கெட்டால் தலை ஒரு பக்கம் சாயும், கண் ஓடும், அந்தப் பக்கமே வட்டமடித்து விழும், உலகம் சுற்றுவதால் வாந்தி வரும். பூனையைப் பார்த்தால் காது போலத் தெரிகிறது, ஆனால் விஷமும் மூளையில் இறங்கி இப்படிச் செய்யலாம் என்றார்.

பிறகு கேட்டார். "கனட மொனவத் தெம்மத?" காதுக்கு ஏதாவது போட்டீர்களா என்று.

முருகேசு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

காது என்ற சொல்லை மிஸ் முதலில் சொன்னபோதே எனக்கு அந்தப் போத்தல் மூடி ஞாபகம் வந்துவிட்டது. எனக்குத் தெரியாது, தோன்றவில்லை என்றெல்லாம் இங்கே எழுதி என்னைக் காப்பாற்றிக்கொள்ள மாட்டேன். தெரிந்தது. ஆனால் அன்று காலைதான் ஒரு தோட்டமே கேட்க ஒரு மனிதனை விஷக்காரன் ஆக்கிவிட்டு வந்திருக்கிறேன். இப்போது ஆமாம் என்றால் நான் யார்?

"நே மிஸ்" என்றேன். இல்லை. பிறகு நானே எடுத்துக் கொடுத்தேன், புல்லுக்கு அடிக்கிற மருந்து என்று. முருகேசு குனிந்து கூடையின் கயிற்றை அவிழ்த்துக் கட்டினார். கட்டியதையே திரும்பவும் கட்டினார்.

டொக்டர் காதைப் பார்க்கக் குழல் வைத்த லைட்டைக் கொண்டுவந்தார். பவுனு அவர் கையைக் கிழித்தது. உள்ளே இரத்தக் கட்டி அடைத்துக் கிடக்கிறது, மயக்க மருந்து கொடுத்தால்தான் பார்க்கலாம், விஷம் என்றால் மயக்க மருந்து ஆபத்து என்றார். அதனால் காதை விட்டுவிட்டார். சேலைன் ஏற்றினார்கள், ஈரல், சிறுநீரகம் பார்க்க இரத்தம் எடுத்தார்கள், பூனையைக் கூண்டில் படுக்க வைத்தார்கள். விஷத்துக்கு வைத்தியம் நடந்தது. விஷம் என் வாயில் இருந்தது, அதற்கு அங்கே மருந்து இல்லை.

காலையில் பால் வெட்டி ஊற்றிவிட்டு, பதினொன்றரை பஸ்ஸைப் பிடித்தால் பார்க்கிற நேரத்துக்குப் போய்விடலாம். அப்படித்தான் நாலு நாள் போனேன். முருகேசு இரண்டு நாள் லீவு போட்டார். நான் சமைக்காததை அவர் ஒரு சொல் கேட்கவில்லை, பாணும் சம்பலும் கடையில் வாங்கிக் கடதாசியில் சுற்றி என் பைக்குள் வைத்துவிடுவார். வார்டு என்பது ஒரு நீள அறை, இரண்டு தட்டுக் கூண்டுகள். பவுனு உருளாமல் இருக்க இரண்டு பக்கமும் துவாயைச் சுருட்டி அணை கொடுத்திருந்தார்கள். எந்நேரமும் லைட் எரிந்தது. கண்ணால் பார்த்தால்தான் தரை எங்கே என்று அதற்குப் பிடிபடுமாம், இருட்டில் அதுவும் போய்விடுமாம். அங்கே வேலை செய்த ஒரு பெரியவர், தூக்கும்போது அந்தரத்தில் தூக்கக் கூடாது, நெஞ்சோடு அணைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தார். அப்படி அணைத்தால் அதன் நடுக்கம் கொஞ்சம் நின்றது. என் இடது கையில் அதன் முழுத் தலையும் சாய்ந்து கிடந்தது. அந்தத் தலையைத் தாங்கிக்கொண்டு நான் செல்லையா அண்ணனைத் திட்டினேன். வாய்க்குப் பழக்கமாகிவிட்டது.

பில்லைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. கட்டினோம்.

இரத்தச் சோதனையில் ஈரல் நல்லது, சிறுநீரகம் நல்லது. நாலாம் நாள் போனபோது பவுனுவுக்குக் காய்ச்சல். ஊசிக்குழலால் ஊட்டியதையும் துப்பியது. மிஸ் எங்களைத் தன் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். விஷத்துக்கு அடையாளம் இல்லை, விஷம் என்றால் இதற்குள் ஒன்று தேறியிருக்கும் அல்லது செத்திருக்கும், மூளையில் ஏதாவது இருக்கலாம் என்று பயமாக இருக்கிறது என்றார். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஸ்கேன் எடுக்கலாம், அந்தப் பயணத்தை இது தாங்குமா தெரியாது. இல்லாவிட்டால் வேதனை இல்லாமல் ஒரு ஊசியில் முடித்துவிடலாம். நாலு மணிக்குள் யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

வெளியே ஒரு தேத்தண்ணிக் கடை. முருகேசு இரண்டு பிளேன்டீ வாங்கினார். இரண்டும் ஆறின.

"நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?" என்றார்.

"என்னத்த?"

"என்னத்தன்னு என்கிட்டயே கேக்குறியா புள்ள."

"நீங்கதானே புடிச்சீங்க."

"ஆமா. நான் புடிச்சேன், நீ ஊத்துன. அதப் போயி சொல்லு. நாலு நாளா பொறுத்தேன், நீயே சொல்லுவன்னு."

"சொன்னா செல்லையாண்ணன் மூஞ்சில எப்புடி முழிக்கிறது?"

"அவரு மூஞ்சிய அப்பறம் பாப்பம். நாலு மணிக்கு ஊசி போட்ருவாங்க. மொதல்ல பூன."

அந்த மனிதர் என்னோடு இருபத்திரண்டு வருடம் குடும்பம் நடத்தியவர். அவ்வளவு காலத்தில் எனக்குக் கட்டளை மாதிரி ஒன்று சொன்னது அன்றைக்குத்தான். எனக்கு அவர்மேல் வந்த ஆத்திரத்தில் தேத்தண்ணியை ரோட்டில் ஊற்றினேன். ஊற்றிவிட்டு உள்ளே போனேன்.

மிஸ்ஸின் மேசையில் என் பையைத் திறந்தேன். மலையிலிருந்து நேரே வருகிறவள் நான், அட்டைத் தண்ணிப் போத்தல் எப்போதும் பையில்தான் இருக்கும். நாலு நாளும் அந்த ஆஸ்பத்திரிக்குள் அது என்னோடு வந்து போயிருக்கிறது. எடுத்து மேசையில் வைத்தேன். காதில் அட்டை ஏறியது, இதை ஊற்றினேன் என்றேன்.

அவர் மூடியைத் திறந்து மோந்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு. உள்ளே என்னென்ன என்று கேட்டார், சொன்னேன். புகையிலை, உப்பு, சுண்ணாம்பு, சவர்க்காரம். நான் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது.

"முதல் நாளே கேட்டேன்" என்றார். சத்தம் போடவில்லை. "நாலு நாள். இதைப் பையில் வைத்துக்கொண்டு நாலு நாள் அந்தப் பூனைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்கள்."

நான் போத்தலின் மூடியைத் திருகி மூடினேன்.

அரை மணி நேரத்தில் மயக்க மருந்து கொடுத்துக் காதைத் திறந்தார்கள். உடம்புச் சூட்டில் உப்புத் தண்ணீர் விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவி எடுத்தார்களாம். இரத்தக் கட்டி வந்தது, அதன் பின்னால் சீழ் வந்தது. செவிப்பறை, அதாவது காதுக்கு உள்ளே கதவு மாதிரி இருக்கிற மெல்லிய தோல், கிழிந்திருந்தது. அட்டை கடித்ததில் கிழிந்ததா என் தண்ணியில் கிழிந்ததா என்று சொல்ல முடியாது என்றார் மிஸ். ஆனால் கிழிசல் வழியாக என் தண்ணி உள்ளே இறங்கி, அந்தச் சின்ன உறுப்பை வேகவைத்துவிட்டது, அங்கேயே சீழும் பிடித்துவிட்டது. ஒரு வெள்ளைத் துணியில் எதையோ வைத்துக் கொண்டுவந்து காட்டினார். அரிசியில் பாதியளவு ஒரு புகையிலைத் துணுக்கு. என் தண்ணியை நான் சரியாக வடிகட்டுவேன் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

காதுக்குச் சொட்டு மருந்து கொடுக்கவில்லை. செவிப்பறை கிழிந்த காதுக்குள் கண்டதையும் விட்டால் இருக்கிற கொஞ்சமும் போய்விடுமாம். ஊசி, பிறகு விழுங்குகிற குளிசை, வாந்திக்குத் தனி மருந்து. இரண்டாம் நாள் கண் ஓடுவது குறைந்தது. மூன்றாம் நாள் நான் கொண்டுபோன மீனை மோந்து பார்த்து, சாய்ந்த தலையோடு தட்டின் ஓரத்தைக் கடித்து, பிறகு மீனைக் கடித்தது. கூண்டுக்கு முன்னால் நின்று அழுதேன். வெள்ளைப் பூனைக்கார நோனா அன்றும் வந்திருந்தாள், பார்த்துவிட்டாள். பார்க்கட்டும்.

ஒரு வாரம் கழித்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம். உயிருக்குப் பயமில்லை, மற்றக் காதையும் கண்ணையும் வைத்து அது மெல்ல நடை பழகிக்கொள்ளும், தலைச் சாய்வு மட்டும் சாகும்வரை இருக்கலாம் என்று மிஸ் சொல்லியனுப்பினார். வாசலில் கடைசியாக இன்னொன்றும் சொன்னார். அட்டை ஏறினால் எதையும் ஊற்றாமல் கொண்டுவாருங்கள், பிடுங்கி எடுக்க எங்களிடம் இடுக்கி இருக்கிறது. இதைப் படிக்கிறவர்களுக்கும் அதே பேச்சுத்தான். காலுக்குப் போடுவதைக் காதுக்குப் போடாதீர்கள்.

அன்று பின்னேரமே செல்லையா அண்ணன் வாசலுக்குப் போனேன். புல் வெட்டுகிறவர்களுக்கு நாலரை மணிவரை வேலை, அதனால் மாணிக்கக் கிடங்குக்கு அவர் போய்ப் பத்து நாளாகிறது. கிடங்கில் அவர் இடத்துக்கு வேறு ஆள் எடுத்துவிட்டார்கள். கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். தப்பு என்மேலதான் அண்ணே, நான்தான் காதுல ஊத்துனேன், மன்னிச்சிருங்க என்றேன்.

அவர் நிமிரவில்லை. "பெரட்டுல சொன்னத பெரட்டுலயே மாத்திச் சொல்லு" என்றார். தங்கச்சி என்ற சொல் இல்லை. அந்தச் சொல்லைப் பத்து நாளைக்கு முன்னால் பெரட்டுக்களத்தில் கடைசியாகக் கேட்டதோடு சரி.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலையில் நான் கெட்டிக்காரி. நாளைக்குச் சொல்லலாம், தொரை வருகிற நாளில் சொல்லலாம், மழை விட்டதும் சொல்லலாம் என்று தள்ளினேன். ஆனால் பூனை விடவில்லை. பவுனுவுக்கு நடக்கத் தெம்பு வந்ததும் வெளியே போக ஆசை வந்தது. வாசற்படியில் இறங்கும், நேரே பீலிக்குப் போகத்தான் பார்க்கும். உடம்பு இடப்பக்கம் இழுக்கும். இழுத்து இழுத்து, அரை வட்டம் அடித்து, கடைசியில் செல்லையா அண்ணன் வாசலில் போய் நிற்கும். ஒவ்வொரு நாளும் நான் போய்த் தூக்கி வர வேண்டும். ஒவ்வொரு நாளும் அவர் அங்கே உட்கார்ந்திருப்பார். பூனையைத் தொட மாட்டார், துரத்தவும் மாட்டார்.

"நாளைக்குப் பெரட்டுக்கு வருவல்ல?" என்பார், கத்தியைப் பார்த்துக்கொண்டு.

பதினோரு நாள் இப்படி. பன்னிரண்டாம் நாள் காலையில் பேர் கொடுத்துவிட்டு நகராமல் நின்றேன். தொரை இல்லை, கணக்கப்பிள்ளை இருந்தார். ஆள் எல்லாம் கேட்கச் சொன்னேன். பூனைக்கு வந்தது மருந்து விஷம் இல்லை, என் அட்டைத் தண்ணி. ஊற்றியது நான். செல்லையா அண்ணன்மேல் சொன்னது பொய். டொக்டர் கேட்ட இடத்திலும் பொய் சொன்னேன். அவ்வளவும் சொன்னேன்.

கணக்கப்பிள்ளை புத்தகத்தை மூடிவிட்டு, "சரி, டேங்க் இப்ப வேற ஆளுகிட்ட இருக்கு, அடுத்த மாசம் பாப்பம். எல்லாரும் மலைக்குப் போங்க" என்றார். அடுத்த மாசம் என்றால் ஒருநாளும் இல்லை என்று தோட்டத்தில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். அன்று என் பின்னால் வந்து நின்ற பெண்கள் இன்று எனக்கு முன்னால் வேகமாக நடந்தார்கள். ஒருத்தி மட்டும் திரும்பி நின்றாள். "ஒன்னால இனிமே நெசமாவே லயத்துல மருந்து அடிச்சாலும் எங்களால வாயத் தொறக்க முடியாது பரமு" என்றாள். அவள் பிள்ளைக்குத்தான் சொறி. அவள் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை.

செல்லையா அண்ணன் என் பக்கம் பார்க்காமலே கத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு புல்மலைக்குப் போனார்.

அன்று பின்னேரம் பவுனு வழக்கம்போல் படியிறங்கியது, வழக்கம்போல் இடப்பக்கம் போனது. கொஞ்சம் பொறுத்து நானும் போனேன். வாசலில் பூனை இல்லை. அவரும் இல்லை. கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. உள்ளே கருவாடு சுடுகிற வாடை.

"அண்ணே, பூன வந்துச்சா?" என்று கேட்டேன்.

தட்டு தரையில் உரசுகிற சத்தம் கேட்டது. சாய்ந்த தலையோடு சாப்பிடும்போது பவுனு தட்டைத் தள்ளிக்கொண்டே போகும், யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும். உரசுகிற சத்தம் நின்றது.

"தின்னுட்டு வரும்" என்றார் உள்ளேயிருந்து. "நீ போ."

தங்கச்சி என்று சொல்லவில்லை. நான் திரும்பி வந்து எங்கள் வாசலில் உட்கார்ந்துகொண்டேன்.